ஒருதெய்வ நெறியும் மலைநாட்டுத் தெய்வங்களும்

கடவுள் ஒருவரே என்பது ஒரு கொள்கை. ஒருவரையே வழிபடுதல் ஓர் ஒழுக்கம். இவ்விரண்டும் ஒன்றெனவே பலராலும் கருதப்படுகின்றன. சமய ஆராய்ச்சியில் விளையும் குழப்பங்களுட் பல இம்மயக்கத்தினின்றும் பிறப்பனவாம். ஒரு கடவுளையன்றி வேறு தெய்வம் இல்லை எனத் துணிந்தவன் பிறிதொன்றை வணங்காமை இயல்பு. ஆயின், பிற தெய்வங்களும் உள என ஒப்புக்கொண்டு, அவை பிறர்க்குரியன, இது எனக்குரியது என ஒன்றையே பற்றி நிற்பவனும் உளன். இன்னும் ஒருவன், எத்தெய்வத்தின் முன் நிற்கின்றானோ அத்தெய்வத்தையே அவ்வேளையில் முழுமுதலாகக் கண்டு போற்றுவான். அடுத்த வேளையில் வேறொரு தெய்வத்தின் முன்னும் அவ்வாறே நிற்பான். வேதப் பாடல்களில் இம்மூன்றாவது நிலையைக் கண்ட மாக்ஸ் முல்லர் அதனைக் குறிப்பதற்கெனத் தனிக் கலைச்சொல்லே புனைந்தார். முதலாவதை ஒருகடவுட் கொள்கை என்றும், இரண்டாவதைத் தனித்தெய்வ வழிபாடு என்றும், மூன்றாவதை முறைத்தெய்வ வழிபாடு என்றும் ஈண்டு வழங்குதல் பொருந்தும்.

நுவரெலியா, ஹட்டன் முதலிய இடங்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழ் மக்களின் வழிபாட்டைப் பற்றிப் பேசியோர் பலர் இம்மூன்றையும் வேறுபடுத்தி நோக்கினரல்லர். கிறித்தவப் பாதிரிமார் அதனைப் பல்தெய்வ மூடத்தனம் என்றனர். சைவச் சீர்திருத்தக்காரர் அதனைச் சிறுதெய்வ வழிபாடு எனத் தள்ளினர். பிற்காலத்தில் அதனைப் பாராட்ட வந்தோரோ எல்லாத் தெய்வங்களையும் வேறுபாடின்றி ஏற்கும் பரந்த உள்ளம் எனப் புகழ்ந்து அமைந்தனர். இம்மூவகைத் தீர்ப்பும் முழுதும் பொருந்துவனவல்ல. தோட்ட மக்களின் வழிபாட்டில் கண்டிப்பான தனித்தெய்வ நெறி ஒன்று உண்டு. அது கொள்கையினால் வரையறுக்கப்படாமல், காலத்தினாலும் எல்லையினாலும் கடப்பாட்டினாலும் வரையறுக்கப்பட்டது. இதனை உணராது செய்யப்படும் சீர்திருத்தம், களைய வேண்டியதோடு காக்க வேண்டியதையும் சேர்த்துக் களைந்துவிடும். இக்கருத்தை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தனித்தெய்வ வழிபாடு தமிழர்க்குப் புதியதன்று. மறந்தும் திருமாலையன்றிப் பிறரை வணங்காமை வைணவ அடியார்க்குரிய இலக்கணமாகவே கொள்ளப்பட்டது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கன்னட நாட்டிற் பசவரால் வளம்பெற்ற வீரசைவ நெறி, உடலிற் தரித்த இட்டலிங்கம் ஒன்றையே வழிபடு பொருளாக்கிக் கோயில்களையும் வேண்டாதொழிந்தது. இத்தகைய பத்திக்கு நம் முன்னோர் எடுத்தாண்ட உவமை கற்பு. கணவனையன்றிப் பிறரை எண்ணாத மனைவி போல அடியவன் தன் இறைவனையே எண்ணுதல் வேண்டும் என்றனர். இவ்வுவமையைச் சிறிது ஆராயின் ஓர் உண்மை புலனாகும். கற்புடைய மனைவி உலகில் வேறு ஆடவர் இலர் என்று கூறுவதில்லை. அவர் தனக்குரியரல்லர் என்பதே அவள் துணிவு. ஆகவே, கற்பு என்னும் உவமை ஒருகடவுட் கொள்கையை விளக்க எழுந்ததன்று; தனித்தெய்வ வழிபாட்டையே அது விளக்குகின்றது.

சைவ சித்தாந்தமோ இவ்விரண்டிற்கும் அப்பால் ஒரு வழி கண்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய அருணந்தி சிவாசாரியார், ஒருவர் எத்தெய்வத்தை வழிபடினும் அத்தெய்வமாகி வந்து அருள் செய்பவன் சிவனே என்று சிவஞான சித்தியாரில் நிறுவினார். பிற தெய்வங்கள் பிறப்பும் இறப்பும் உடையன, வினையும் நுகர்வன, ஆதலின் வழிபாட்டை அறிந்து பயன் தருதல் அவற்றாற் கூடாது, அதனைத் தருபவன் முழுமுதலே என்பது அவர் காட்டும் ஏது. இக்கொள்கையில் கண்டிப்பும் உண்டு, இரக்கமும் உண்டு. முழுமுதல் ஒன்றே என்பதில் அது சிறிதும் தளர்வதில்லை. ஆயினும் அறியாதவன் கல்லின் முன் வைத்த ஒரு பிடி அரிசியும் வீண் போகாது என அது உறுதி கூறுகின்றது. மலைநாட்டு வழிபாட்டை மதிப்பிடுதற்கு அயலிலிருந்து அளவுகோல் தேட வேண்டியதில்லை என்பதற்கு இஃதொன்றே சான்றாகும்.

இன்றைய மேனாட்டுக் கற்பனை நாவல்களிலும் தனித்தெய்வ வழிபாடு பெரிதும் பேசப்படுகின்றது. ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் என்னும் அமெரிக்க ஆசிரியர் 1996 முதல் வெளியிட்டு வந்த நாவல் வரிசையில், ஏழு முகங்கொண்ட தெய்வத்தை வழிபடுவோர் ஒருபுறமும், மரங்களிற் பழந்தெய்வங்களைக் காண்போர் ஒருபுறமும் இருக்க, தீயின் தெய்வம் ஒன்றே மெய்த்தெய்வம் என்போர் வந்து சேர்கின்றனர். 1998இல் வெளிவந்த இரண்டாம் நூலில் அவர்கள் ஏழு தெய்வப் படிமங்களையும் கடற்கரையில் எரித்து விடுகின்றனர். இத்தகைய புனைவுலகங்களிற் பெரும்பாலும் ஒருவனுடைய தெய்வம் எதுவென்று அறிந்தால் அவன் எக்கட்சியினன் என்பதும் அறியப்படும். தெய்வம் அங்கே கொடியாகின்றது. கதைக்கு அது வசதியான ஏற்பாடு. வாழ்க்கையோ அவ்வளவு ஒழுங்கானதன்று. தோட்டத் தொழிலாளி ஒருவரிடம் அவருடைய தெய்வம் எது என வினவின், எவ்விடத்தில், எக்காலத்தில் என்ற எதிர்வினாவே தக்க விடையாக அமையும். அவ்வெதிர்வினாவின் பொருளை அறிதற்கு அம்மக்களின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் இன்றியமையாதது.

1820களில் மலைநாட்டிற் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கியதன் பின்னர்த் தென்னிந்தியாவினின்றும் தொழிலாளர் வரத் தலைப்பட்டனர். திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், இராமநாதபுரம், திருநெல்வேலி, புதுக்கோட்டை முதலிய பகுதிகளே அவர்களுடைய தாயகம். 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் என்பவர் லூல்கந்துரத் தோட்டத்திற் தேயிலையை வணிகப் பயிராக நட்டார். 1869இல் கோப்பிச் செடியை இலைநோய் பற்றியது. அது பரவப் பரவத் தேயிலை கோப்பியின் இடத்தைக் கவர்ந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த தாது வருடப் பஞ்சம் பெருந்திரளானோரைக் கடல் கடக்கச் செய்தது. மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தோரிற் பலர் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மடிந்தனர். அவ்வழியின் தெற்கு முனையில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் எழுந்து புகழ்பெற்றமை வியப்பன்று. கொள்ளை நோயின் தேவியே அந்நோயினின்றும் காப்பவளுமாதலின், உயிர்தப்பி வந்தோர் முதலில் வணங்கியது அவளையே.

மாரியம்மனோடு முனியாண்டி, மதுரை வீரன், கருப்பசாமி, மாடசாமி, இடும்பன் முதலிய தெய்வங்களும் மலையேறின. தாயகக் கோயிலிலிருந்து பிடிமண் கொண்டுவந்து தெய்வத்தை நிறுத்துதல் தமிழ்நாட்டுப் பழைய வழக்கு. அவ்வழக்கால் ஊரிலிருந்த தெய்வம் தோட்டத்திலும் நின்றது. மரத்தடியில் ஒரு கல், அதன்முன் ஒரு சூலம் அல்லது அரிவாள், மேலே மஞ்சளும் குங்குமமும் என்பதே பெரும்பாலும் அதன் கோயில். இத்துணையும் தாயகத்தின் தொடர்ச்சியாகும்.

ஆயின், தாயகத்தில் இல்லாத தெய்வங்களும் மலைநாட்டிற் பிறந்தன. ஆராய்ச்சியாளர் உற்று நோக்க வேண்டியது இவற்றையே. தேயிலைச் செடி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டப்படும். கூரிய கத்தியைக் கொண்டு சரிவான மலையில் நாள் முழுதும் ஆண்கள் செய்யும் கடுந்தொழில் அது. கை தவறின் உறுப்புப் போம். அத்தொழில் தொடங்குமுன் மலையிலேயே வணங்கப்படும் தெய்வம் கவ்வாத்துச்சாமி. தேயிலை அரைபடும் தொழிற்சாலையிற் சுழலும் சக்கரத்திற்கும் அதனருகே நிற்போர்க்கும் காவலாகக் கொள்ளப்பட்ட தெய்வம் ரோதைமுனி. ரோதை என்பது சக்கரத்தைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து இலங்கைத் தமிழிற் புகுந்தது. போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல், ஆங்கிலேயர் கொணர்ந்த இயந்திரம், தமிழர் கொணர்ந்த முனி ஆகிய மூன்றும் ஒரு தெய்வத்தின் பெயரில் ஒன்றுபட்டுள்ளன. இம்மக்களின் வரலாற்றை இதனினும் சுருக்கமாகக் கூறும் ஆவணம் அரிது.

இத்தெய்வங்களின் ஆட்சி எல்லை திட்டமானது. ரோதைமுனி மலையிற் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குப் பொறுப்பல்லன். கவ்வாத்துச்சாமிக்குத் தொழிற்சாலையில் அலுவல் இல்லை. சக்கரத்தின் அருகில் நிற்கும் வேளையில் தொழிலாளி ரோதைமுனி ஒருவனையே சார்ந்து நிற்கின்றான். அவ்விடத்தை விட்டு வெளியேறியதும் அச்சார்பும் முடிவுறுகின்றது. மாக்ஸ் முல்லர் வேதத்திற் கண்ட முறைத்தெய்வ வழிபாடு ஒருவாறு இதனோடு ஒக்கும். வேற்றுமை யாதெனின், வேதப் புலவன் துதிக்கும் ஆர்வத்தால் ஒவ்வொரு தெய்வத்தையும் முழுமுதலாக்கினான். தொழிலாளியோ ஆபத்தின் அண்மையால் அவ்வாறு செய்தான்.

மாசி மாதத்தில் நிகழும் காமன் கூத்து இதற்கு வேறொரு வகையிற் சான்றாகும். சிவன் நெற்றிக்கண்ணாற் காமனை எரித்த கதையே கூத்தின் பொருள். காமன் ஊன்றப்பட்டு நாள்தோறும் வணங்கப்படுகின்றான். இரதியின் புலம்பலில் மக்கள் தாமும் பங்குகொள்கின்றனர். எரித்தவனும் அவர்களுடைய தெய்வம். எரிந்தவனும் அவர்களுடைய தெய்வம். சிவனை வணங்குவோன் சிவனாற் தண்டிக்கப்பட்டவனுக்காக அழுதல் தகுமோ என்னும் வினா தருக்க நூலார்க்கு எழலாம். கூத்தைக் காண்போர்க்கு அவ்வினா எழுவதில்லை. தண்டனையின் நியாயத்தை ஒப்புக்கொள்வதும் தண்டிக்கப்பட்டவனுக்கு இரங்குவதும் ஒரே நெஞ்சிற்கு இயலும் என்பதை அவர்கள் வாழ்க்கையில் நன்கு அறிந்தவர்கள்.

இவ்வழிபாட்டின் மீது முதலிற் தீர்ப்புக் கூறியோர் பாதிரிமார். 1854இல் தமிழ்க் கூலி மிஷன் என்னும் பெயரால் ஓர் அமைப்புத் தோட்டத் தொழிலாளரிடையே சமயப் பணி தொடங்கியது. கூலி என்ற இழிசொல்லையே பெயரிற் சுமந்த அமைப்பு அம்மக்களின் வழிபாட்டை உள்நின்று நோக்கியிருக்கும் என எதிர்பார்த்தல் கூடாது. பாதிரிமாரின் அளவுகோல் விவிலியத்தின் முதற் கட்டளை. அது பிற தெய்வங்களை விலக்குமாறு கட்டளையிடுவது. அவ்வளவுகோலை வைத்து அளந்தால் மலைநாட்டு வழிபாடு குறையுடையதாகவே தோன்றும். ஆயினும் அவர்கள் பள்ளிகளை நிறுவினர், எழுத்தறிவு ஊட்டினர். அந்நன்மையை மறுத்தல் நேர்மையாகாது.

சைவத்தின் பக்கலிலிருந்து எழுந்த கண்டனம் இதனினும் ஆழமானது. ஆறுமுக நாவலர் மலைநாட்டைப் பற்றித் தனியே எழுதினாரல்லர். ஆயினும் பிற்காலச் சைவச் சீர்திருத்தக்காரர் கைக்கொண்ட அளவுகோல் அவருடையதே. 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப் பள்ளியை நிறுவிய அப்பெரியார், உயிர்ப்பலியையும் ஆகமத்திற்கு ஒவ்வாத வழிபாட்டையும் வன்மையாகக் கடிந்தார். 1872இல் எழுதிய யாழ்ப்பாணச் சமயநிலை என்னும் நூலிலும் அக்கண்டனம் கேட்கும். அவருடைய நிலையை இன்றைய வசதியிலிருந்து எளிதிற் பழித்தல் முறையன்று. பாதிரிமார் சைவத்தை இகழ்தற்குக் கருவியாகக் கொண்டவை உயிர்ப்பலியும் பேய்க்கூத்துமே. பகைவன் கையிலுள்ள கருவியைப் பறித்தல் நாவலரின் நோக்கமாயிருந்தது. உயிர்க்கொலை தீது என்பதில் அவர் கொண்ட உறுதி அறத்தின்பாற்பட்டது. தாது வருடப் பஞ்சம் யாழ்ப்பாணத்தையும் வருத்தியபோது கஞ்சித்தொட்டி நிறுவி ஏழைகளுக்கு உணவளித்தவரும் அவரே. அப்பஞ்சமே பல்லாயிரவரைத் தேயிலை மலைக்குத் துரத்தியது என்பதை எண்ணும்போது, அவருடைய இரக்கத்தின் எல்லைக்கும் கண்டனத்தின் எல்லைக்கும் இடையே ஒரே மக்கட் கூட்டத்தின் துயர் கிடந்தமை தெரியவரும்.

நாவலர் வழிவந்த அளவுகோலின் குறை வேறிடத்தில் உள்ளது. ஆகமம் கோயிலுக்கு இலக்கணம் கூறும். கோயில் இல்லாத மலைச்சரிவிற்கும் தொழிற்சாலை வாயிலுக்கும் அது இலக்கணம் கூறப் புகுந்ததன்று. இலக்கண வரம்பிற்குப் புறம்பானதை இலக்கண வழு என்றல் இலக்கணியர்க்கும் உடன்பாடன்று. மேலும், கண்ணப்பரை நாயன்மாருள் வைத்துப் போற்றிய நெறி சைவம். வேடன் வாயில் நீர் கொணர்ந்து ஆட்டி, ஊனைச் சுவைத்துப் பார்த்துப் படைத்தான் எனச் சேக்கிழார் விரித்துரைக்கின்றார். ஆகம முறைப்படி பூசித்த சிவகோசரியார் அதனைக் கண்டு வெறுக்க, அன்பின் முறையை அவருக்குக் காட்டியவன் இறைவனே. இக்கதையைக் கொண்டு உயிர்ப்பலியை நியாயப்படுத்துதல் பொருந்தாது. வழிபாட்டின் தகுதி அதன் புறவடிவால் மட்டும் முடிவாவதில்லை என்பதே இதனாற் பெறப்படும்.

இனி, தோட்ட மக்களின் வழிபாட்டிற் தனித்தெய்வ நெறி உண்டு எனக் கூறியதை விளக்குதல் வேண்டும். மாரியம்மன் திருவிழாவே இதற்குத் தக்க இடம். திருவிழாவின் தொடக்கத்திற் காப்புக் கட்டப்படும். காப்புக் கட்டியது முதல் அது அவிழும் வரையும் தோட்டத்தார் எல்லை தாண்டி வேற்றிடத்தில் இராத் தங்கலாகாது என்பது மரபு. அந்நாள்களிற் புலால் விலக்கப்படும். மங்கல நிகழ்ச்சிகள் தள்ளிவைக்கப்படும். ஆற்றங்கரையிற் கரகம் பாலிக்கப்பட்டுத் தப்பு முழங்கத் தோட்டத்திற்குக் கொண்டுவரப்படும். அது லயந்தோறும் செல்லும். ஒவ்வொரு வாசலிலும் மஞ்சள் நீர் ஊற்றி அம்மனை வரவேற்பர். நேர்த்திக்கடன் வைத்தோர் பாற்குடமும் காவடியும் எடுப்பர், தீ மிதிப்பர். முடிவிற் கரகம் மீண்டும் நீரிற் சேர்க்கப்படும்.

இந்நாள்களிற் தோட்டம் முழுவதும் ஒரு தெய்வத்தின் நாடு. முனியாண்டி இல்லாதொழிந்தான் என்று எவரும் கூறுவதில்லை. அவனும் அந்நாள்களில் அம்மனுடைய காவலாளாகவே நிற்பான். காப்பு அணிந்த கை அம்மனுக்கே உரியது. அக்கையைக் கொண்டு வேறு நேர்த்தி செய்தல் ஆகாது. முன்னர்க் கூறிய கற்பு என்னும் உவமை இங்கே கண்கூடாகின்றது. மணமகளின் கையிற் கட்டும் காப்பும் இதுவும் பெயரால் ஒன்று. ஒருவருக்கே உரிமையாதல் என்னும் கருத்தாலும் ஒன்று. காப்பு அவிழ்ந்ததும் நாடு முன்போலப் பல தெய்வங்களின் நாடாகும். தனித்தெய்வ வழிபாடு வாழ்நாள் முழுவதற்குமுரிய விரதமாயிருத்தல் வேண்டும் என்பது வைணவ அடியாரின் துணிவு. அது சில நாளளவான விரதமாகவும் இருக்கலாம் என்பது தோட்ட மக்களின் துணிவு. காலம் வேறாயினும் விரதத்தின் கண்டிப்புக் குறைந்ததன்று.

எல்லை பற்றிய கருத்தும் இதனோடு இயைந்தது. தோட்டம் துரையின் உடைமை. மலைக்கு எண்ணும், லயத்துக்கு எண்ணும் இட்டவன் அவன். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964இற் கையெழுத்தான சிறீமாவோ சாஸ்திரி உடன்படிக்கை ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டமே எஞ்சியோரின் குடியுரிமைக்கு வழி திறந்தது. நிலமும் நாடும் தமதென்று கூறவியலாத அவ்வளவு காலமும், கரகம் சுற்றிவந்த எல்லை ஒன்றே அவர்கள் தமதென வகுத்த எல்லையாயிருந்தது. அந்த எல்லைக்குள் அம்மன் ஒருத்தியே அரசி. தனித்தெய்வ வழிபாட்டிற்கு இங்கே சமயப் பொருளோடு உரிமைப் பொருளும் உண்டு.

இவ்வாறு கூறுதலால் தோட்ட வழிபாடு குற்றமற்றதென்று கொள்ளற்க. தெய்வங்களுக்கிடையே மேல் கீழ் வகுத்த அறிவே மனிதர்க்கிடையிலும் அதனை வகுத்தது. கோயில் பெரும்பாலும் பெரிய கங்காணியின் பிடியில் இருந்தது. முதல் மரியாதை அவருக்கே. திருவிழாச் செலவுக்குரிய பணம் தொழிலாளரின் சம்பளத்திலிருந்தே பிடிக்கப்படும் வழக்கமும் இருந்தது. தப்பு முழங்காமல் அம்மன் அசையாள். ஆயின், தப்படிப்போன் கோயிலின் உள்ளே வருதற்குத் தடை இருந்தது. சாதியால் உயர்ந்தோர்க்கு ஒரு தெய்வமும் தாழ்ந்தோர்க்கு ஒரு தெய்வமும் என்ற பாகுபாடு பல்தெய்வ வழிபாட்டினுள் எளிதில் மறைந்து வாழும். எல்லாத் தெய்வமும் ஏற்புடைத்து எனப் புகழ்வோர் இதனைக் காண மறுக்கின்றனர்.

இப்பாகுபாட்டிற்கு ஒருகடவுட் கொள்கை மருந்தாகும் எனச் சீர்திருத்தக்காரர் வாதிப்பர். திருமூலர் குலத்தின் ஒருமையையும் தேவனின் ஒருமையையும் ஒருங்கே வைத்து ஓதியமை அவர்களுக்குத் துணையாகும். கொள்கையளவில் அது மறுக்கவியலாத வாதம். நடைமுறையில் விளைந்தது வேறு. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் ஆலயப் பிரவேசத்திற்காகப் போராட நேர்ந்தது. முழுமுதல் ஒன்றே என ஓதிய நாட்டில், ஆகமம் வழுவாத கோயிலில், அது நிகழ்ந்தது. ஆகவே, தெய்வங்களின் எண்ணிக்கையைக் குறைத்தலாற் சாதி குறையும் என்பதற்கு வரலாறு சான்று பகரவில்லை. வாயில் திறவாத இடத்தில் உள்ளே தெய்வம் ஒன்றாயின் என், பலவாயின் என்?

இவ்வாராய்ச்சி பழங்கதையன்று, இன்றைய நிகழ்ச்சிகளோடு தொடர்புடையது. அண்மைக் காலத்திற் பல தோட்டங்களிற் பழைய கோயில்கள் புதுக்கப்பட்டுக் கோபுரமும் மண்டபமும் எழுந்து கும்பாபிடேகம் நிகழ்கின்றது. உழைப்போர் தம் பணத்தால் எழுப்பிய அக்கோயில்கள் அவர்களுடைய தன்மானத்தின் சின்னங்கள். அவற்றைக் குறைகூறுதல் தகாது. சின்மயா மிஷன் இறம்பொடையில் அமைத்த அனுமான் கோயிலும், 2024இற் கும்பாபிடேகம் கண்ட சீதா எலிய சீதையம்மன் கோயிலும் கடல் கடந்தும் அடியாரை ஈர்க்கின்றன. ஆயினும், புதுக்கோயில் எழும்போது மரத்தடிக் கல் என்னாயிற்று என்பதை வினவுவார் சிலரே. முனியாண்டி சில இடங்களில் முனீஸ்வரராகிச் சிவனோடு இணைகின்றார். சிங்கப்பூரிற் புகையிரதத் தொழிலாளர் பாதையோரத்தில் வணங்கிய முனீஸ்வரனும் அவ்வாறே பெருங்கோயில் பெற்றார். முனிக்கு இடமுண்டு; கவ்வாத்துச்சாமிக்கும் ரோதைமுனிக்கும் அவ்வாறு இணைதற்குரிய புராணம் இல்லை. மேனாட்டு நாவலிற் போலத் தெய்வங்களைத் தீயிலிட வேண்டுவதில்லை. கவனியாது விடுதலே போதும்.

பள்ளியிலும் இதே நிலை காணப்படும். மலைநாட்டு மாணவன் சைவநெறி என்னும் பாடநூலில் முழுமுதலின் இலக்கணத்தையும் நாயன்மாரின் வரலாற்றையும் கற்கின்றான். அவை அவன் கற்க வேண்டியனவே. ஆயின், தன் பாட்டன் கத்தியை வைத்து வணங்கிய தெய்வத்தின் பெயரை அந்நூலில் அவன் தேடிக் காணான். நூலில் இல்லாதது நாணத்தக்கது என்று அவன் எண்ணத் தலைப்பட்டால், அதனால் இழக்கப்படுவது ஒரு கல் மாத்திரமன்று. பிறப்புச் சான்றும் உறுதியும் இல்லாதிருந்த ஒரு மக்களுக்கு, இம்மலையை எம் முன்னோர் வெட்டித் திருத்தினர் எனக் கூறும் சாட்சி அத்தெய்வமே. சி. வி. வேலுப்பிள்ளை தோட்ட மக்களின் நாட்டுப் பாடல்களைத் தொகுத்துக் காத்தார். அவர் பாடலுக்குச் செய்த பணியை வழிபாட்டிற்குச் செய்தலும் கற்றோர் கடனாகும்.

ஆகவே, சீர்திருத்தம் எதைக் களைய வேண்டும், எதைக் காக்க வேண்டும் என்பதற்கு அளவை ஒன்று வேண்டும். உயிர்ப்பலி களையத்தக்கது, அது அருளுக்கு மாறானது. சாதித் தடையும் கட்டாயப் பணப்பிடிப்பும் களையத்தக்கன. அவை நீதிக்கு மாறானவை. தெய்வத்தின் பெயர் நூலில் இல்லை என்பதோ, அதன் வடிவம் கல் என்பதோ, அதன் ஆட்சி ஒரு தொழிற்சாலை அளவே என்பதோ களைதற்குரிய காரணங்களல்ல. சித்தாந்தம் கூறுமாறு எத்தெய்வமாகியும் வருபவன் ஒருவனே எனின், ரோதையின் அருகிலும் அவன் வரவே செய்வான். வாராது ஒழிவான் எனின், அவன் முழுமுதல் என்பதற்கே இழுக்காகும்.

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாகச் செல்வோர்க்குச் சிவனொளிபாத மலை தோன்றும். மார்கழி முதல் வைகாசி வரையும் ஆயிரக்கணக்கானோர் இரவிலே அதன்மீது ஏறுகின்றனர். உச்சியிலுள்ள சுவட்டைப் பௌத்தர் புத்தரின் பாதமென்பர், சைவர் சிவனுடையதென்பர், இசுலாமியர் ஆதமுடையதென்பர். ஒவ்வொருவரும் தத்தம் கருத்தில் உறுதியுடையவரே. ஒருவர் உறுதி மற்றவரின் ஏற்றத்திற்குத் தடையாவதில்லை. அம்மலையின் அடிவாரத்திற் கொழுந்து பறித்து வாழும் மக்களிடம் ஒருதெய்வ நெறியின் இலக்கணத்தைக் கற்பிக்கச் செல்வோர், முதலில் அவர்களுடைய காப்பின் கண்டிப்பையும் கரகத்தின் எல்லையையும் கற்றுக்கொள்வாராயின், கற்பிப்பதும் எளிதாகும். கற்பிக்க வேண்டியது எவ்வளவு என்பதும் தெளிவாகும்.